கும்பல் கடைத்திருட்டு: சட்டத்தில் ஏழு வருடம் இருக்கிறது, நம் புகாரில் என்ன இருக்கிறது?

எங்கள் ஊர் வியாபாரிகள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஜிஎஸ்டிக்கு அடுத்தபடியாக வரும் பேச்சு, கும்பலாக வந்து கடையில் திருடுகிறவர்களைப் பற்றித்தான். "பிடிச்சுக் குடுத்தாலும் நாளைக்கே வெளியே வந்துடறாங்க, தண்டனையைக் கடுமையாக்கினால்தான் அடங்குவாங்க" என்பார்கள். நான் கிருஷ்ணகிரியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள். பட்டுப் பிரிவு முழுக்க என் பொறுப்பு. கும்பல் திருட்டுக்குக் கடும் தண்டனை வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எங்கள் கடையில் நடந்த ஒரு திருட்டைப் புகாராக எழுதி, வழக்காக நடத்தி, நீதிமன்றம் வரை போய் வந்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கடுமையான பிரிவு ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. நாம் எழுதிக் கொடுக்கும் மனுதான் அந்தப் பிரிவுக்குப் போய்ச் சேராமல் பாதியில் நின்றுவிடுகிறது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆடித் தள்ளுபடி நேரம். மதியச் சாப்பாட்டுக்கு விற்பனைப் பெண்களில் பாதிப் பேர் போயிருந்த வேளையாகப் பார்த்து ஐந்து பெண்கள் வந்தார்கள், கூடவே பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன். நல்ல உடை, கழுத்தில் செயின், கையில் நாங்களே தரும் மாதிரியான கட்டைப்பை. ஆவணியில் கல்யாணம், முகூர்த்தச் சேலை வேண்டும் என்றார்கள். கல்யாண ஜவுளி என்றால் எந்தக் கடையிலும் தனி மரியாதை உண்டு, மெத்தையில் உட்கார வைத்து எடுத்துப் போடச் சொன்னோம். நடுவில் உட்கார்ந்தவர் ஒவ்வொரு சேலையையும் "முந்தியைக் காட்டு, உடம்பைக் காட்டு" என்று முழுசாக விரிக்கச் சொன்னார். எதையும் வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. "இது இருக்கட்டும், அதையும் போடு" என்று குவியல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்தில் இருந்தவர் ஒரு சேலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, பார்டரை வெளிச்சத்தில் பார்த்தார். அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் நேரம் முழுக்க அதற்குப் பின்னால் இருப்பவரின் மடி நமக்குத் தெரியாது. இரண்டு பேர் கல்லாவுக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு டாப்ஸ் விலை கேட்டார்கள். பையன் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துவிட்டான். சேலை நனையக் கூடாதே என்று விற்பனைப் பெண் இரண்டு பேரும் குனிந்து துடைத்தார்கள். அந்த அரை நிமிடம்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

கடைசியில் ஒரு காட்டன் சேலைக்கு மட்டும் பில் போட்டுக்கொண்டு, "மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிட்டு சாயங்காலம் வரோம்க்கா" என்று போய்விட்டார்கள்.

ராத்திரி மடித்து அடுக்கும்போதுதான் தெரிந்தது. எங்கள் ரேக்கில் ஒரு வரிசைக்கு இத்தனை உருப்படி என்று கணக்கு உண்டு. "அக்கா, மயில்கழுத்துக் கலர் ஒண்ணு காணோம்" என்றாள் பட்டுப் பிரிவில் நிற்கும் பெண். தேடத் தேட ஐந்து குறைந்தது. மதிப்பு சுமாராக நாற்பதாயிரம் ரூபாய். மெத்தைக்கு அடியில் கிழித்துச் செருகிய விலைச்சீட்டு மூன்று கிடைத்தது, பார்கோடு அப்படியே இருந்தது. அந்தச் சீட்டுகளை அவள் குப்பையில் போடாமல் ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தாள். பிற்பாடு வழக்குக்கு உயிர் கொடுத்தது அந்தக் கவர்தான்.

எங்கள் ஊரின் இருப்பிடத்தையும் இதில் கணக்கில் எடுக்க வேண்டும். பெங்களூரு, சென்னை, சேலம், திருவண்ணாமலை, குப்பம் என்று எல்லாப் பக்கமும் இங்கிருந்து சாலை பிரிகிறது. கர்நாடக எல்லையும் ஆந்திர எல்லையும் பக்கம். பர்கூர் ஜவுளிக் கடைகளுக்கு வெளியூர்க் கார்கள் வந்தபடியே இருக்கும், யாரும் யாரையும் புதிதாகப் பார்க்க மாட்டார்கள். ஒரு கும்பல் காலையில் ஓசூர், மதியம் கிருஷ்ணகிரி, மாலை தர்மபுரி என்று ஒரே நாளில் முடித்துவிட்டு இரவு வேறு மாநிலத்தில் சாப்பிடலாம். ஒவ்வொரு கடைக்காரரும் தன் கடையில் நடந்ததைத் தனித் திருட்டாக நினைத்து விட்டுவிடுவதால்தான் அது அவர்களுக்கு ஒரு தொழிலாக ஓடுகிறது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. சாதாரணத் திருட்டுக்கு 303(2): மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் தண்டிக்கப்பட்டால் குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம் கடுங்காவல். இதற்குள்ளேயே ஒரு சலுகையும் இருக்கிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, ஆள் முதல் முறையாகத் தண்டிக்கப்படுபவராகவும் இருந்து, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவை. பசிக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் எடுத்தவரைச் சிறைக்கு அனுப்பாத இந்த ஏற்பாட்டை நான் மனதார ஆதரிக்கிறேன்.

சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. 1,200 ரூபாய் சேலை நாலு எடுத்தால் 4,800. கும்பல் இதைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்கிறது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நம் மனுவில் "4,800 ரூபாய் மதிப்புள்ள சேலைகள் திருட்டு" என்று மட்டும் எழுதினால், மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகைக்கு அது போய்விடும். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

இங்கேதான் 112-வது பிரிவு வருகிறது. சிறு அளவிலான அமைப்புசார் குற்றம் என்பது அதன் தலைப்பு. ஒரு குழுவையோ கும்பலையோ சேர்ந்தவர், தனியாகவோ கூட்டாகவோ செய்யும் திருட்டு, பறிப்பு, மோசடி போன்றவை இதில் வரும். திருட்டு என்றால் எதெல்லாம் என்று விளக்கமும் அதிலேயே கொடுத்திருக்கிறார்கள்: தந்திரத் திருட்டு, வியாபார இடத்தில் திருட்டு, பிக்பாக்கெட், சரக்குத் திருட்டு, அந்த வரிசையில் கடைத்திருட்டும் பெயர் சொல்லியே இருக்கிறது. தண்டனை குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஏழு வருடம், கூடவே அபராதம். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத, போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம். பொருளின் மதிப்பு எவ்வளவு என்ற கேள்வியே இந்தப் பிரிவில் இல்லை. கும்பல் என்பதுதான் கேள்வி.

ஆக, கும்பல் என்பதை நம் மனு காட்ட வேண்டும். "சில பெண்கள் வந்து சேலை திருடிவிட்டார்கள்" என்ற ஒரு வரியில் அது தெரியாது. யார் எங்கே உட்கார்ந்தார், யார் மறைத்தார், யார் பேச்சுக் கொடுத்தார், பையன் எப்போது தண்ணீரைக் கொட்டினான், எல்லோரும் எந்த வண்டியில் ஏறினார்கள் என்று கேமரா நேரத்தோடு வரிசையாக எழுதினேன். அப்புறம் தர்மபுரியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் எங்கள் நாத்தனார் வீட்டுக்காரருக்குக் கேமராவில் பதிந்த இரண்டு படங்களை அனுப்பினேன். எங்கள் கடைக்குப் பச்சைச் சேலையில் வந்திருந்த அதே பெண், அன்று மாலை அவர் கடையிலும் உட்கார்ந்திருக்கிறார். அங்கே போனது மூன்று சேலை. "விடு தங்கச்சி, ஸ்டேஷன், கோர்ட்டுன்னு யார் அலையறது, கடவுள் பார்த்துப்பார்" என்றார். "அண்ணா, உங்க மனு இல்லேன்னா என் மனு ஒரு நாள் திருட்டு. ரெண்டும் சேர்ந்தாத்தான் கும்பல்னு நிக்கும்" என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். அவர் வாகனம் நிறுத்தும் இடத்துக் கேமராவில் கார் நம்பர் விழுந்திருந்தது. இரண்டு மனுவிலும் ஒன்றையொன்று குறிப்பிட்டோம். மனுவின் கடைசியில் 112 மற்றும் 305 பிரிவுகளின் கீழ் விசாரிக்கக் கேட்டோம். பொருள் வைத்துக் காக்கும் கட்டடத்துக்குள் நடக்கும் திருட்டுக்கு 305, அதற்கும் ஏழு வருடம் வரை. எந்தப் பிரிவு போடுவது என்பது போலீஸ் முடிவுதான், ஆனால் உண்மைகளை அடுக்கிக் கேட்டால் எடுத்துப் பார்க்கிறார்கள்.

இதில் இன்னொரு நடைமுறை லாபமும் உண்டு. புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3)-ன்படி, மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றம் என்றால், டிஎஸ்பி அனுமதியோடு பதினான்கு நாள் முதற்கட்ட விசாரணை நடத்திவிட்டு எஃப்.ஐ.ஆர். போடலாம். 303 மட்டும் என்றால் அந்த வரம்புக்குள் வரும். ஏழு வருடம் வரை உள்ள 112-ம் 305-ம் அதற்கு வெளியே. பதினான்கு நாளில் பல கடைகளின் டிவிஆரில் (கேமரா காட்சிகளைப் பதியும் பெட்டி) பழைய பதிவு அழிந்து புதியது ஏறிவிடும், கார் எங்கேயோ போயிருக்கும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சம்பவம் வேறு ஊர் எல்லையில் நடந்தது என்ற காரணத்துக்காக மனுவைத் திருப்பி அனுப்பவும் கூடாது. வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்பிக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்.

கேமரா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கடைகளில் கேமரா இருக்கிறது, சாட்சியம் இல்லை. உச்சியில் மாட்டிய கேமராவில் தலைமுடியும் வகிடும்தான் தெரியும். வாசலில் ஒன்றாவது முக உயரத்துக்கு இருக்கட்டும். டிவிஆர் கடிகாரம் பத்து நிமிடம் முன்னே பின்னே ஓடினால் பில் நேரத்தோடு பொருந்தாது, எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். மாதம் ஒரு முறை சரிபாருங்கள். பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அந்தக் காப்பியைக் கொடுக்காதீர்கள், அது சுருங்கிவிடும். டிவிஆரிலிருந்து நேராக பென் டிரைவில் எடுக்க வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது. பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் தர வேண்டும். அதன் முதல் பகுதியில் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவரும், இரண்டாம் பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். பதிவின் ஹேஷ் மதிப்பையும், அதாவது பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீட்டையும், அதில் எழுத வேண்டும். கேமரா மாட்டியவரிடம் சொன்னால் ஹேஷ் எடுத்துத் தருவார்.

மதிப்புக்கு விலைச்சீட்டு மட்டும் போதாது. நெசவாளரிடமோ மொத்த வியாபாரியிடமோ வாங்கிய கொள்முதல் பில், அதில் உள்ள உருப்படி எண், கடையின் ஸ்டாக் பதிவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எங்களிடம் கிழித்த சீட்டில் இருந்த பார்கோடு எண்ணும் ஸ்டாக் எண்ணும் ஒன்றாக இருந்ததால், பிற்பாடு கிடைத்த சேலைகள் எங்களுடையவைதான் என்று காட்ட முடிந்தது.

கார் நம்பரை வைத்துச் சில வாரங்களில் நாலு பேரைப் பிடித்தார்கள். ஐந்தில் மூன்று சேலை கிடைத்தது, மற்ற இரண்டும் கைமாறியிருந்தன. கிடைத்த சேலை வழக்குச் சொத்து என்று முடங்கிப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். நீதிமன்றத்தில் மனுப் போட்டு, படம் எடுத்து, விவரம் எழுதிக் கொடுத்து இடைக்காலமாகத் திரும்ப வாங்கலாம். நாங்கள் வாங்கினோம்.

வாங்குகிறவனைப் பற்றி நம்மில் யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். எட்டாயிரம் ரூபாய்ச் சேலையைப் பில் இல்லாமல் இரண்டாயிரத்துக்கு எடுத்துக்கொள்ளும் ஆள் ஒருவன் இருப்பதால்தான் கும்பல் நம் கடைக்கு வருகிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ன் கீழ் மூன்று வருடம் வரை, அதையே வழக்கமாகச் செய்தால் ஆயுள் சிறையோ பத்து வருடம் வரையோ. அவன் பெரும்பாலும் நம் தொழிலிலேயே இருப்பவன். யாராவது வழக்கத்துக்கு மாறான விலையில் பட்டு கொண்டுவந்து காட்டினால் வேண்டாம் என்று அனுப்பிவிடுவதோடு நிற்காமல் தகவலும் சொல்ல வேண்டும்.

அந்தப் பையனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தண்ணீரைக் கொட்டியது அவன்தான், ஆனால் அவனைக் குற்றவாளியாகப் பார்க்க என்னால் முடியவில்லை. குற்றம் செய்யக் குழந்தையைப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு 95-வது பிரிவில் குறைந்தது மூன்று வருடம், பத்து வருடம் வரை சிறை. பையன் என்ன செய்தான் என்பதை மனுவில் எழுதும்போது, அவனை அழைத்து வந்தவர்கள் யார் என்பதையும் எழுதுங்கள்.

கையும் களவுமாகப் பிடித்தால்? கடைக்காரருக்குப் பிடித்து வைக்க உரிமை உண்டு, எல்லையும் உண்டு. நம் கண் முன்னால் நடந்த, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும். தாமதிக்காமல், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். கிடங்கு அறையில் பூட்டி வைத்து, பணம் வந்தால் விடுகிறேன் என்று பேரம் பேசினால் சட்டவிரோதமாக அடைத்து வைத்த குற்றம் நம் மேல் வரும். அடிப்பதோ, செல்போனில் படம் எடுத்துப் பரப்புவதோ கூடவே கூடாது. பெண்களைச் சோதனையிடுவது நம் வேலையே இல்லை. பெண் போலீஸ், கண்ணியத்தோடு செய்ய வேண்டியது அது. ஆண் ஊழியர் ஒருவர் சேலையைப் பிடித்து இழுத்தால் அங்கே வழக்கு தலைகீழாகிவிடும், ஆகவும் வேண்டும். உட்கார நாற்காலி கொடுத்து, பெண் ஊழியர் இருவரைப் பக்கத்தில் நிறுத்தி, போலீசுக்குப் போன் போடுங்கள். சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்ய மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டியிருக்கும், பெண் அதிகாரி வர நேரமாகலாம், அதனால் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

இன்னொரு விஷயத்தில் எங்கள் வியாபாரிகள் பலரோடு எனக்குச் சண்டையே வந்திருக்கிறது. எங்கே திருட்டு நடந்தாலும் "அந்த ஜாதிக்காரங்கதான்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். 1871-ல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பை வைத்தே மனிதர்களைத் திருடர் என்றது. 1952-ல் அதை நாடு முழுக்க ஒழித்தாயிற்று. அந்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்த சீர்மரபினர் குடும்பங்களுக்கு அந்தப் பழி இன்னும் விலகவில்லை என்றால் அதில் நம் வாய்க்கும் பங்கு இருக்கிறது. தண்டனை கடுமையாக ஆக, தவறான ஆள் மாட்டிக்கொண்டால் வரும் கேடும் பெரிதாகிறது. எங்கள் கடைக்கு வந்த ஐந்து பேரும் யார் எவர் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. முகம், நேரம், கை செய்த காரியம், வண்டி எண் போதும். வணிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் எச்சரிக்கை போடும்போதும் இப்படித்தான் போட வேண்டும்: எந்த முறையில் திருடினார்கள், எத்தனை மணிக்கு, எந்த நிற வண்டி. முகப்படத்தைப் போலீசுக்கும், பாதிக்கப்பட்ட கடைக்கும் மட்டும் கொடுங்கள்.

சரி, தண்டனையை இன்னும் கூட்ட வேண்டுமா? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2014-ல் மக்கள் வாக்கெடுப்பு ஒன்றின் மூலம், 950 டாலருக்கு மேற்படாத கடைத்திருட்டைச் சிறு குற்றமாக ஆக்கினார்கள். பத்து வருடம் கழித்து, 2024 நவம்பரில், அதே மக்கள் வாக்களித்து இறுக்கினார்கள். வெவ்வேறு திருட்டுகளின் மதிப்பைக் கூட்டிப் பார்க்கலாம், மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்த திருட்டு பெருங்குற்றமானால் தண்டனையை மூன்று வருடம் வரை நீட்டலாம் என்று வந்தது. நான் இங்கே கேட்பதும் அந்த முதல் விஷயத்தைத்தான். கிருஷ்ணகிரியில் 4,800, தர்மபுரியில் 3,000, சேலத்தில் 4,000 என்று ஒரே கும்பல் எடுத்திருந்தால் மொத்தமாக ஒரே கணக்கில் பார்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். 112-ல் கும்பல் என்றால் என்ன, எத்தனை பேர் என்று வரையறை இல்லை. அதையும் எழுத வேண்டும். எழுதினால் போலீசும் தயங்காமல் போடுவார்கள், இரண்டு ஏழைப் பெண்கள் சேர்ந்து வந்தாலே கும்பல் என்று அப்பாவிகள் மேல் போடவும் முடியாது. ஏழு வருடத்தைப் பத்தாக்குவதைவிட இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

"நாளைக்கே வெளியே வந்துடறாங்க" என்ற கோபத்துக்கும் ஒரு பதில் உண்டு. ஏழு வருடம் வரையிலான குற்றங்களில் கைது கட்டாயம் இல்லை, நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஜாமீன் கிடைப்பது விடுதலை ஆகாது. வழக்கு நடக்கும், அதில் நாம் நிற்கிறோமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

கடைசியாக, விற்பனைப் பெண்கள். திருட்டுப் போனால் அந்தப் பிரிவில் நின்றவர்களின் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் பல ஜவுளிக்கடைகளில் இருக்கிறது. இது அநியாயம், வியாபாரத்துக்கும் கேடு. பிடிப்பார்கள் என்று தெரிந்தால், சேலை குறைந்ததை அவள் அன்றே சொல்ல மாட்டாள், ஸ்டாக் எடுக்கும்போது தெரியட்டும் என்று பயந்து மறைப்பாள். அதற்குள் பதிவு அழிந்திருக்கும். எங்கள் கடையில் பிடிப்பது இல்லை, அதனால்தான் "காணோம்" என்ற சொல் அன்று ராத்திரியே என் காதுக்கு வந்தது. காலையிலிருந்து நின்றே இருக்கும் பெண்ணின் கண் மதியத்துக்கு மேல் எதையும் பார்க்காது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே வந்தாயிற்று, ஸ்டூல் வாங்கிப் போடுங்கள். மெத்தையில் ஆறு சேலைக்கு மேல் விரிந்திருந்தால், ஏழாவதை எடுக்கும் முன் ஒன்றை மடித்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள். கூட்டமாக வந்தால் இன்னொரு பெண் வந்து சும்மா நிற்கட்டும், "என்னக்கா வேணும்" என்று சிரித்துக் கேட்டபடி. உண்மையான வாடிக்கையாளருக்கு அது கவனிப்பு, மற்றவர்களுக்கு அது தடை.

இப்போது வழக்கு நீதிமன்றத்தில் நடக்கிறது. முக்கிய சாட்சி நானில்லை, மயில்கழுத்துச் சேலையைத் தேடிய அந்தப் பெண்தான். வாய்தா நாளில் அவளுக்குச் சம்பளம் உண்டு, பஸ் செலவு, சாப்பாடு கடைச் செலவில். வாக்குமூலத்தை முன்கூட்டியே படித்துப் பார்க்க வக்கீலிடம் அழைத்துப் போனேன், பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அவள் வேறு கடைக்கு வேலை மாறிப் போனாலும் சாட்சி சொல்ல வருவதற்கான செலவை நாங்கள் கொடுப்போம் என்று அவள் அம்மாவிடம் பேசியாயிற்று. தர்மபுரி அண்ணனும் தன் கடைப் பையனுக்கு அப்படியே செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.